யார் வீட்டுச் செடி?

கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி தமிழ்த்துறை ஐயா கேட்டபோது, நான் வேதியியல் மாணவி, எனக்குக் கட்டுரை எழுத வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "உனக்குத் தெரிந்த ஒன்றை எழுதம்மா. தெரியாததை எழுத மற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒன்று எது என்று வீடு திரும்பும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து விழுப்புரம் வருவதற்குள் ஒரே ஒரு பொருள்தான் மனத்தில் நின்றது. அது ஒரு செடி. ஆந்தூரியம் என்று பெயர். அதைப் பற்றி எழுதினால், அந்தச் செடியை நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டி வரும். இந்த மலர் குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போய்ச் சேராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அம்மா விழுப்புரத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைக்கும் வேலை செய்கிறார். அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். மல்லாட்டை வரும் காலத்தில் அவருடைய சட்டையில் செம்மண் வாசனை அடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஓர் ஆண்டு நான் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். நின்றேன் என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை; காலை முதல் இரவு வரை நின்றுகொண்டேதான் புடவைகளைப் பிரித்துக் காட்டி மடித்து வைத்தேன். பிறகுதான் கல்லூரி. விழுப்புரத்தில் நான் கேட்ட பிரிவில் இடம் கிடைக்காததால் திண்டிவனம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் மாணவராக நுழைந்த முதல் ஆள் நான். எனக்கு முன்பே அப்பா ஒரு கல்லூரிக்குள் போயிருக்கிறார், சிமெண்டு மூட்டை இறக்க.

2024-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், அம்மா இடுப்பில் ஒரு தொட்டியோடு வந்தார். ஒரு பக்கம் வெடித்த பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு மொட்டைத் தண்டு. அதில் ஓரம் கருகிய இரண்டு மஞ்சள் இலைகள்.

"குப்பை வண்டியில போடச் சொன்னாங்க பாப்பா. உயிர் இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. எடுத்துக்கினு போவட்டாம்மான்னு கேட்டேன். எடுத்துக்கோன்னாங்க" என்றார்.

'எடுத்துக்கோ' என்ற அந்தச் சொல்லை நான் இப்போது பலமுறை நினைத்துப் பார்க்கிறேன்.

அது என்ன செடி என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதைச் 'சிவப்புப் பூச்செடி' என்றுதான் சொல்வார்களாம். புதுமனை புகுவிழாவுக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது. வரும்போதே பூவோடு வந்தது. அந்தப் பூ காய்ந்து விழுந்த பிறகு மறுபூ வரவே இல்லை. பூக்காத செடி வரவேற்பறையிலிருந்து மாடிப்படிக்கும், மாடிப்படியிலிருந்து மொட்டை மாடிக்கும் இடம்பெயர்ந்து, கடைசியில் அம்மாவின் இடுப்புக்கு வந்துவிட்டது.

அழுகிய இலைக்காம்பு ஒன்றை அம்மா பிய்த்தெறிந்தார். சற்று நேரத்தில் உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்தார். "அரிக்குது. இது சேம்பு சாதிடி. புளி கொஞ்சம் கொண்டா" என்றார். புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினார். சேப்பங்கிழங்கு நறுக்கினால் எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம். நான் சிரித்தேன். அரிப்பதெல்லாம் சேம்பா? கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்ட கர்வம் எனக்கு அப்போது கொஞ்சம் இருந்தது.

அந்தக் கர்வத்தோடு நான் செய்த முதல் காரியம், செடியைக் கொல்லப் பார்த்தது. வெடித்த தொட்டியை மாற்றிச் செம்மண்ணும் மாட்டெருவும் சரிக்குச் சரி கலந்து, தண்டை ஆழமாகப் புதைத்து, கைக்குழாய்த் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினேன். இரண்டு இலைகளில் ஒன்று விழுந்தது. மற்றொன்றின் நுனி காகிதம்போல் சுருண்டது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் வேர்கள் கறுத்துக் கூழாகி, இழுத்த இழுப்புக்குத் தோல் கழன்று வந்தன. ஒரு வேர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அது மண்ணுக்கு வெளியே, தொட்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த வேர். அது மட்டும் ஏன் பிழைத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, மிஞ்சிய ஓர் இலையைக் கைப்பேசியில் படம் பிடித்து வகுப்பில் காட்டினேன். ஒருத்தி வெற்றிலை என்றாள். ஒருத்தி மணிபிளாண்ட் என்று சத்தியம் செய்தாள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதல்லவா? அது திங்கட்கிழமை பிலோடெண்ட்ரான் என்றது. அதே இலையை வியாழக்கிழமை காட்டினால் ஸ்பாத்திபில்லம் என்றது. கடைசியில் தாவரவியல் ஐயா ஒருவரிடம் போனேன். அவர் படத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். "செடியைக் கொண்டு வா; முடியாவிட்டால் இலையைக் காம்போடு கொண்டு வா" என்றார்.

இருந்த ஒரே இலையைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டியையே துணிப்பையில் வைத்து ரயிலில் மடியில் சுமந்து வந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இலையைப் பார்க்காமல் காம்பைத்தான் முதலில் பார்த்தார். காம்பு இலையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே சிறிது புடைத்து, முழங்கை போல ஒரு மூட்டு இருந்தது. வெயில் வரும் பக்கத்துக்கு இலையைத் திருப்பிக்கொள்ள உதவும் மூட்டு அது என்றார். அடுத்து இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்க நரம்புகள் இலையின் ஓரம் வரை ஓடி முடியாமல், ஓரத்துக்குச் சற்று உள்ளே கரை கட்டினாற்போல் ஓடும் ஒரே நரம்பில் போய்க் கலந்தன. காம்பை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். பால் வரவில்லை.

"ஆந்தூரியமாக இருக்க வேண்டும். எந்த ஆந்தூரியம் என்று பூ வந்தால் சொல்கிறேன்" என்றார்.

நான் அம்மாவின் சேம்புக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குடும்பத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாரே! பேரினம் மட்டும்தானே பாக்கி" என்றார். சேம்பு, கருணை, வீட்டுக்கு வீடு புட்டியில் வளரும் மணிபிளாண்ட், குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை, இந்த ஆந்தூரியம் எல்லாமே அரேசி என்ற ஒரே குடும்பம். அன்று மாலை அம்மாவிடம் போய் நீ சொன்னது சரி என்று சொன்னேன். "கை அரிச்சுதே" என்றார், அவ்வளவுதான்.

அந்த அரிப்புக்குக் காரணம் எங்கள் பாடத்திலேயே இருந்தது. ஆய்வகத்தில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்சாலிக் அமிலத்தைத் தரம் பார்க்கிறோமே, அந்த ஆக்சலேட்டுதான் இந்தச் செடிகளில் கால்சியத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக நிற்கிறது. கடித்தால் வாயிலும், பிழிந்தால் கையிலும் குத்துகிறது. ஆகையால் குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் ஆந்தூரியத்தை எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதன் திரிபு என்பர். சேம்பு சாதிச் செடியோடு புளியங்காட்டுக்குப் பயணம் வந்திருக்கிறேன் என்று ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

பெயர் தெரிந்த பிறகு செடியின் ஊர் தெரிந்தது. ஊர் தெரிந்த பிறகு அதற்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்தது. இந்தப் பேரினத்துக்கு 1829-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஷாட் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'ஆந்தோஸ்' என்றால் பூ, 'ஊரா' என்றால் வால். வால்பூ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அத்தனையும் மெக்சிகோவிலிருந்து அர்ஜெண்டினா வரையிலான அமெரிக்க மண்ணுக்கு உரியவை. நாம் அலங்காரத்துக்கு வளர்க்கும் சிவப்புப் பூ இனத்தை எதுவார் ஆந்திரே என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலை அறிஞர் 1876-இல் தென்னமெரிக்கப் பயணத்தில் கண்டார். அடுத்த ஆண்டு அது அவர் பெயராலேயே 'ஆந்திரேயானம்' என்று அச்சில் ஏறியது. 1889-இல் சாமுவேல் டேமன் என்பவர் அதை இலண்டனிலிருந்து ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோனார். பிற்காலத்தில் அங்கே அது பெரிய பூ வாணிகமாக வளர்ந்தது. கொலம்பியக் காடு, ஐரோப்பியக் கண்ணாடிக் குடில், பசிபிக் தீவு என்று சுற்றிய ஒரு குலத்தின் பிள்ளை விழுப்புரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால், ஓட்டு வீட்டுத் திண்ணையில் மாட்டெருவில் புதைந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

மூச்சுத் திணறல் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் உறவினர்களில் பல, காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மழை வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும். காற்று வேரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். விளிம்பில் தொங்கிய அந்த ஒரு வேர் ஏன் பிழைத்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அதற்கு மண்ணே வேண்டாம். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் போதும்.

கடையில் இதற்கென்று விற்கும் கலவைக்கு என்னிடம் பணம் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்குக்கு வந்த மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வேறு வழிகள் காத்திருந்தன. அப்பாவிடம் சொன்னேன். மல்லாட்டை உடைக்கும் இடத்திலிருந்து ஒரு சாக்கு நிறையத் தோல் கொண்டு வந்து கொட்டினார். "எவ்வளவு வேணும்னாலும் இருக்குது, அடுப்புக்குத்தான் போவுது" என்றார். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை இரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரையே முன்னெழுத்தாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்? அதை வெந்நீரில் போட்டு எடுத்து உலர்த்தினேன். தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி மூன்று நாள் ஊறவைத்து, கறை போகும் வரை தண்ணீர் மாற்றினேன். இரண்டையும் கரித்துண்டோடும் செங்கல் சில்லோடும் கலந்து, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்ட தொட்டியில் நிரப்பி, தண்டைப் புதைக்காமல் மேலாக நிற்க வைத்துக் கட்டினேன். கையில் ஊற்றிய தண்ணீர் விரலிடுக்கில் ஓடுவதுபோல் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிட வேண்டும். இதுதான் அளவு.

அடுத்த சிக்கல் வெயில். நேர்வெயில் பட்டால் இந்த இலை வெந்துவிடும். முக்கால் பங்கு நிழல் வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாமலும், காற்றில் எப்போதும் ஈரம் இருந்தும் பழகிய செடி இது. நம் ஊர் சித்திரையில் 40 டிகிரி சாதாரணம். எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுக்களை வாசலை ஒட்டித் தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மணல் திட்டு. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அந்தத் திட்டில் பானைக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தேன். மேலே அப்பாவின் பழைய சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். தண்ணீர் மொள்ள வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேலி செய்துவிட்டுப் போனார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் கையில் ஒட்டிய ஈரத்தை அந்த இலையின்மேல் உதறிவிட்டுப் போவார்.

புதிய இலை ஒன்று முளைத்தது. முளைத்த இலையின் ஓரமும் கருகியது. நிழல் சரி, கலவை சரி, பிறகு ஏன்? ஒருநாள் ஆய்வகத்தில் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் இ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு நீரின் கடினத்தன்மையைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கள் தெருக் கைக்குழாய்த் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுபோய்க் கெஞ்சினேன். நிறங்காட்டியைச் சொட்டியதும் அது ஒயின் சிவப்பாக நின்றது. பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போகிறார். நீலமாக மாறுவதாகவே இல்லை. கடைசியில் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 600 மில்லிகிராமை ஒட்டி வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். "இதையா குடிக்கிறீர்கள்?" என்று அந்த அக்கா கேட்டார். குடிப்பதற்கு வேறு தண்ணீர் பிடிக்கிறோம் என்று சொன்னேன். எப்போதும் அப்படி இல்லை என்பதைச் சொல்லவில்லை.

மரக்கிளையில் மழைநீரையே குடித்துப் பழகிய வேருக்கு இந்த உப்பு தாங்காது. மழைநீர் வேண்டும். ஐப்பசி வந்தால் பிடிக்கலாம் என்று 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கழுவி வைத்தேன். ஐப்பசியில் பிடித்தது கொஞ்சந்தான். மழை கார்த்திகையில் வந்தது, நான் கேட்ட அளவுக்கு மேலேயே.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் விடியற்காலையில் நுழைந்தது. முழங்கால் அளவு வந்ததும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். அப்பா அரிசி மூட்டையை எடுத்தார். என் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். இருட்டில் அம்மா பின்னால் வந்தார். கையில் ரேஷன் கார்டு பைதான் இருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கையில் ரேஷன் கார்டு பை, மறு கையில் தொட்டி.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"திட்டுல தண்ணி ஏறுது. மெதந்து போயிடும்ல" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்டதுபோல.

நான்கு நாள் கழித்து வீடு திரும்பினோம். சேறு வாரிக் கொட்டினோம். பாத்திரங்கள் சில போயின, பாய் தலையணை எல்லாம் போயின. சுவரோடு கட்டியிருந்த பீப்பாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்து வந்த மழையில் ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீரை அதில் பிடித்து, மேலே துணி கட்டி மூடினேன். அதில் கொஞ்சம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். இ.டி.டி.ஏ. இரண்டு சொட்டு விட்டதும் நீலம். அதற்குப் பிறகு வந்த ஒரு இலையும் கருகவில்லை. செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் தடவினாற்போல் சுருண்டு வரும். பத்துப் பதினைந்து நாளில் விரிந்து பச்சையாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை நன்றாக நீர்க்க விட்டு ஒரு கரண்டி ஊற்றுவேன். அதற்குமேல் அதற்கு உரம் தேவைப்படவில்லை.

2025 பிப்ரவரியில் துறைச் சுற்றுலாவாக ஏற்காடு போனோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். படகு ஏரியில் தோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒரு செடித் தோட்டத்தின் நிழல்வலைக் குடிலுக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே வரிசை வரிசையாக ஆந்தூரியம். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சையும் சிவப்பும் கலந்தது. அவ்வளவு பூக்களை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அங்கே யாரும் பானையும் வைக்கவில்லை, சாக்கும் தொங்கவிடவில்லை. வானமே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தோட்டத்துக்காரர் ஒருவர் சொன்னது மட்டும் உதவியது: ஓர் இலைக்கு ஒரு பூ, இலைக்கக்கத்திலிருந்துதான் பூ வரும், ஆகையால் இலையைக் காப்பாற்று, பூவைத் தேடாதே.

அப்படித்தான் வந்தது. 2025 ஆகஸ்டில், ஆறாவது இலையின் கக்கத்திலிருந்து சுருட்டிய வெற்றிலை போல ஒன்று எழுந்தது. விரிய மூன்று வாரம் ஆயிற்று. அரக்கு பூசினாற்போல் பளபளக்கும் சிவப்பு இதயம் ஒன்று; அதன் நடுவே மஞ்சள் வால். பார்த்தவர்கள் எல்லாம் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்தார்கள். தாவரவியல் ஐயாவுக்குப் படம் அனுப்பினேன். படத்தை ஏற்க மாட்டாரே என்று பயந்தேன், ஏற்றுக்கொண்டார். வால் நேராக நிற்கிறது, ஆகையால் ஆந்திரேயானம். வால் பன்றிவால் போல் சுருண்டிருந்தால் செர்சேரியானம் என்ற மற்றோர் இனம். இப்போது விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கலப்புகள் என்பதால், ஆந்திரேயானம் வழிவந்த கலப்பு என்று எழுதிக்கொள் என்றார்.

எல்லோரும் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்பு, பூவே அன்று. நிறம் மாறிய ஓர் இலை. தென்னையில் பாளை என்கிறோமே அதுபோல. உண்மையான பூக்கள் அந்த வாலின்மேல் மணல் மணலாக நெருங்கியிருக்கும் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் பெண்பகுதி முதலில் முதிர்ந்து ஒரு துளி ஈரம் கசியும். அது அடங்கிய பிறகே மகரந்தம் வரும். லென்ஸ் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இத்தினி இருக்குதா இதுல" என்றார்.

அம்மா செய்த தவறு, தவறு என்று சொல்லலாமோ என்னவோ, வேலைக்குப் போன வீட்டில் அதைச் சந்தோஷமாகச் சொன்னதுதான். "உங்க செடி பூத்திருக்குதும்மா" என்று சொன்னாராம். உங்க செடி என்று. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. அந்த வீட்டம்மா, "அட, பூத்துடுச்சா? கொலுவுக்குக் கொண்டாந்து வை. ஹாலில் அழகா இருக்கும்" என்றார்களாம். "அப்புறம் எடுத்துக்கலாமா?" என்று அம்மா கேட்கவில்லை. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் சண்டை. நான்தான் சத்தம் போட்டேன்.

"குப்பையில போடச் சொன்ன செடி. எடுத்துக்கோன்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்னே?"

"சொன்னாங்க. இப்போ கேக்கறாங்க. நாலு ஊட்டுல அந்த ஒரு ஊட்டுலதான் புயலுக்கு அப்புறம் முன்பணம் குடுத்தாங்க. பாய் தலைகாணி எதுல வாங்கினோம்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவங்க பையன் படிச்ச புத்தகத்துலதானே நீ பன்னெண்டாவது படிச்சே. அதையும் சும்மாதான் குடுத்தாங்க."

"புத்தகம் அப்படியே பரண்மேல இருக்குது. கேட்டா நாளைக்கே குடுத்திடலாம். இந்தச் செடி அவங்க போட்டப்போ இருந்த செடியா? இலை ஒண்ணுகூட அது இல்லை. வேர்கூட அது இல்லை, பழைய வேரெல்லாம் அழுகிப்போச்சு."

"தண்டு?"

"தண்டு அதுதான்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டார். அப்பா இருட்டில் சிரித்தது எனக்குக் கேட்டது. யாருக்காகச் சிரித்தார் என்று தெரியவில்லை.

கொலுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. செடியின் அடியில் ஒரு பக்கக்கன்று விட்டிருந்தது. இரண்டு இலை, விரல் நீளத்தில் இரண்டு வேர். முறையாகப் பார்த்தால் மூன்று நான்கு இலை வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு, வெந்நீரில் போட்டெடுத்த பிளேடால் கன்றை வேரோடு அறுத்தேன். தாய்ச்செடியின் காயத்திலும் கன்றின் காயத்திலும் கரித்தூள் வைத்தேன். கன்றை ஒரு தயிர் டப்பாவில் கலவை போட்டு நட்டு, பானைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். கை அரித்தது. புளி எடுக்கப் போனால் டப்பா சத்தம் கேட்கும் என்று அப்படியே படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா தொட்டியைத் துடைத்துக் கிளப்பினார். இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தார். அடித்தண்டுக்கு வந்ததும் கை நின்றது. அங்கே வட்டமாகக் கறுப்பாகக் கரித்தூள் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பானைக்குப் பின்னாலும் பார்க்கவில்லை. முந்தானை நுனியால் அந்தக் கறுப்பை மெதுவாக ஒற்றித் துடைத்து, மேலே கொஞ்சம் மல்லாட்டைத் தோலை இழுத்துவிட்டு மறைத்துவிட்டு, தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரயிலில் தோழிகளிடம் சொன்னேன். வேண்டாம் என்று எறிந்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம், நீ முழுச்செடியையே வைத்துக்கொண்டிருக்கலாம் என்றாள் ஒருத்தி. கேட்டு எடுத்திருந்தால் கொடுத்திருப்பார்களே, கேட்காமல் எடுத்ததால் திருட்டுதான் என்றாள் மற்றொருத்தி. கேட்டு, இல்லை என்று சொல்லியிருந்தால்? அதற்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. தாவரவியல் ஐயாவிடமும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெட்டிய இடத்தில் கரித்தூள் வைத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

கொலு முடிந்தது. தொட்டி திரும்பி வரவில்லை. தீபாவளி கழிந்து ஒருநாள் அம்மா, "உன் பொண்ணு எப்படி வளத்தான்னு எழுதி வாங்கியாரச் சொன்னாங்க. போர் தண்ணி ஊத்தலாமான்னு கேட்டாங்க" என்றார்.

நண்பர்களே, ஒரு நாள் முழுவதும் நான் எழுதவில்லை. ஊற்றலாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். இரண்டு மாதத்தில் ஓரம் கருகி, ஆறு மாதத்தில் மொட்டை மாடிக்குப் போய், மறுபடியும் 'எடுத்துக்கோ' என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கை நான் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் பரிசோதனைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வெயில் படாத இடம், நீர் தேங்காத கலவை, நீர்த்த பிண்ணாக்குத் தண்ணீர் எல்லாம் எழுதினேன். கடைசியில், போர் தண்ணீர் கூடாது, மழைநீர் மட்டுமே என்று எழுதி அடிக்கோடிட்டேன். அவர்கள் வீட்டில் மழைநீர் நேராக நிலத்துக்குள் போகும்படி குழாய் வைத்திருக்கிறார்கள். பிடித்து வைக்க இடம் இல்லையாம்.

இப்போது தை மாதம். தயிர் டப்பாவில் கன்றுக்கு மூன்றாவது இலை செம்பழுப்பாகச் சுருண்டு நிற்கிறது. வாரம் ஒருமுறை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது பீப்பாயிலிருந்து இரண்டு லிட்டர் புட்டி நிறையத் தண்ணீர் மொண்டு பையில் வைத்துக்கொள்கிறார். நேற்று துணியை விலக்கிப் பார்த்தேன். பீப்பாயில் ஒரு சாண் தண்ணீர் இருக்கிறது. அடுத்த மழைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது.